தொடாமலே எடுத்த மூணு ப்ரிண்ட்

நைனா,

நீ அங்க சௌக்கியம், நான் இங்க சௌக்கியம்னு ஆரம்பிக்கத்தான் கை தன்னால போவுது. இந்தத் தடவ அப்டி எழுத மாட்டேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, பயந்துக்காத. மூணு வாரமா மனசுதான் சரியில்ல. ஃபோன்ல சொல்லிடலாம்னு மூணு ஞாயித்துக்கெழமயும் வாயத் தொறந்தேன். ஒவ்வொரு தடவயும் "அங்க மழயா, சாப்ட்டியா"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டேன். எழுதினா நடுவுல நீ "சரி மா, அப்பறம் பேசறேன்"னு சொல்ல முடியாது இல்ல, அதான் நோட்டுப் பேப்பர எடுத்துக்கினு குந்திட்டேன். இது உனக்கு மட்டும் எழுதற லெட்டர் இல்ல. புனேல உங்கூட வேல செய்யறவங்க, உன் மேனேஜரு, நீ சொன்னியே, தேய்க்கற வேல செய்யற அந்த லேப்பிங் ஆளு, யாரு வேணாலும் படிக்கட்டும். தமிழ் தெரியாதவங்களுக்கு நீயே படிச்சு அர்த்தம் சொல்லு. அதுக்காகத்தான் உனக்குத் தெரிஞ்ச விஷயத்தக்கூட விடாம எழுதறேன். "இது எனக்குத் தெரியாதா"ன்னு மூஞ்சியத் தூக்காத.

நான் யாருன்னு அவங்களுக்குச் சொல்லணும். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு வால்வு கம்பெனில பத்தொம்பது வருஷம் வேல செஞ்சேன். மொதல்ல எண்ணெ தொடைக்கற ஹெல்பரு, அப்பால இன்ஸ்பெக்‌ஷன். வால்வுன்னா பெரிய பைப்புல தண்ணியோ ஆவியோ போவாம அடைக்கற சாமான். உள்ள ஆப்பு மாதிரி ஒரு தட்டு மேலேர்ந்து எறங்கும், அதுக்குப் பேரு வெட்ஜ். ரெண்டு பக்கமும் வளையமா ரெண்டு சீட்டு. வெட்ஜ் எறங்கி ரெண்டு சீட்டு மேலயும் சுத்தி ஒட்டிக் குந்தணும், நூல் அளவு சந்து இருந்தாலும் ஒழுவும். ஒட்டுதா இல்லியான்னு கண்ணால பாக்க முடியாது. அதுக்குத்தான் ப்ளூ. சீட்டு மேல நீல பேஸ்ட்ட பட்டும் படாம தடவி, வெட்ஜ எறக்கி ஒரு அழுத்து அழுத்தித் தூக்கினா, எங்கெல்லாம் தொட்டுச்சோ அங்கெல்லாம் நீலம் ஒட்டிக்கினு வரும். தொடாத எடம் வெறுமனே இருக்கும். அந்த நீலத்து மேல செலோடேப்ப ஒட்டி உரிச்சு, வெள்ளப் பேப்பர்ல ஒட்டி, வால்வு நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வெக்கணும். அதான் ப்ரிண்ட்டு. எத்தினி வருஷம் அந்தக் கையெழுத்து என்னுது. சூப்பர்வைசர் சார் என் கையெழுத்தப் பாத்தா ஃபைலத் தொறக்காமயே பாஸ் பண்ணுவாரு. சர்ச்சுல அப்பம் வாங்கக் கைய நீட்டறப்போகூட நகத்துக்கு அடில நீலம் இருக்கும், எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. எனக்கு அதுல வெக்கமே இல்ல, கொஞ்சம் திமிருதான்.

இன்னொன்னும் சொல்லிட்டுத்தான் விஷயத்துக்கு வரணும். எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. புள்ளைக்குக் கஷ்டம்னா உண்மைய மழுப்பிடுவேன். நீ பத்தாவது பரிட்ச எழுதிக்கினு இருந்தப்போ உங்கப்பா ரோலிங் மில்லுலேர்ந்து மூச்சு வாங்கிக்கினு வந்து விழுந்தாரு. பெரியாஸ்பத்திரில சேத்தேன். உங்கிட்ட "அப்பாவுக்கு டபுள் ஷிஃப்ட்டு, மில்லுலயே படுத்துக்கறாரு"ன்னு சொன்னேன். ஒரு வாரம் காலைல உனக்கு நாஷ்டா கட்டிக் குடுத்துட்டு, நீ பஸ் ஏறினதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். கடைசிப் பரிட்ச அன்னிக்கு அவரு போய்ச் சேந்துட்டாரு. நீ பேனாவப் பையில வெச்சுக்கினு, "லீவு விட்டாச்சு"ன்னு சிரிச்சுக்கினே தெருவுல வந்த. ஊட்டு முன்னாடி பெஞ்சு போட்டு ஆளுங்க குந்திக்கினு இருந்தாங்க. "ஒரு வாரமாவா மா? எனக்கு ஏன் சொல்லல?"ன்னு கேட்ட. அதுக்கப்பறம் நாப்பது நாள் எங்கூட ஒரு வார்த்த பேசல. சோறு போட்டா சாப்ட்ட, துணிய நீயே தொவச்சுக்கின. நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், இன்னிக்கும் அப்டித்தான் சொல்லுவேன், ஆனா அந்த நாப்பது நாளு எனக்கு எப்டிப் போச்சுன்னு உனக்கு நான் சொன்னதே இல்ல. பக்கத்துல ஆள வெச்சுக்கினு தனியா இருக்கறது இருக்குதே, அதுக்கு யாரும் இல்லாமயே இருந்துடலாம்.

அப்பால நீ இன்ஜினியரிங் முடிச்சு, எம்.ஈ. சேந்து, ப்ராஜெக்டுக்கு வால்வயே எடுத்துக்கினு வந்த. அம்மா வேல செய்யற சாமானயே புள்ள படிக்கறான்னு கம்பெனி பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். பாஷா பாய் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி, "போதும்க்கா, காதுல ரத்தம் வருது"ன்னுட்டாரு. (பாஷா பாய் பழவேற்காட்டுக்காரு, எங்க கம்பெனில லேப்பிங் போடறவரு. வெட்ஜையும் சீட்டையும் பசை போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கறதுக்குப் பேரு லேப்பிங்.) ஒரு நாள் சாப்புடறப்போ நான் கேட்டேன், கம்ப்யூட்டர்ல அப்டி இன்னாடா பண்ற, நான் நீலம் தடவிப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடுமேன்னு. நீ தட்டுல இருந்த ரெண்டு இட்லிய எடுத்து ஒண்ணோட ஒண்ண அழுத்திக் காட்டின. "இது ரெண்டும் தொட்டா நின்னுடும்னு உனக்குத் தெரியும் மா. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கினு போவும். பூந்துக்காம இருக்க நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் வெச்ச மாதிரி ஒரு நம்பர் குடுக்கணும். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டின்னா கணக்கு முடியாம சுத்திக்கினே இருக்கும். ரொம்ப லூசுன்னா கொஞ்சம் உள்ள பூந்துக்கும், அப்போ தொடாத எடத்தயும் தொட்டதாக் காட்டும். சரியான நம்பரு எதுன்னு கண்டுபுடிச்சாத்தான் கணக்கு நெசத்துக்குக் கிட்ட வரும்." எனக்குப் புரிஞ்சுது. உனக்கு ஒரு சந்தேகம், அம்மாவுக்குப் புரிஞ்சுதான்னு, இட்லிய ரெண்டு தடவ அழுத்திக் காட்டின.

அப்பறம் சொன்ன: "முழு வால்வயும் போட்டா எங்க காலேஜ் கம்ப்யூட்டர் படுத்துடும். பாதி வெட்ஜ், ஒரு சீட்டு, போதும். இந்தப் பாதி எப்டியோ அந்தப் பாதியும் அப்டித்தான்." எனக்கு அங்கயே சுருக்குன்னுச்சு நைனா. இத்தினி வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நீலம் வந்த வால்வ நான் பாத்ததில்ல. ஒரு பக்கம் கீழ கனமா வரும், இன்னொரு பக்கம் மேல கனமா வரும், அத லேப்பிங்ல கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணித்தான் பாஸ் பண்ணுவோம். ஆனா வாயத் தொறக்கல. பத்தாவது ஃபெயிலானவ எம்.ஈ. படிக்கறவனுக்கு இன்னாத்த சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன். அதான் மொதல் தப்பு, ரெண்டாவது தப்புக்கு அதான் வழி வெச்சுது.

கணக்கு சரியான்னு பாக்க நெசமான ப்ரிண்ட்டு வேணும்னு கேட்ட. சார்கிட்ட பெர்மிஷன் வாங்கி மூணு வால்வுல எடுத்துக் குடுத்தேன். அந்த மூணும் சத்தியமானது. உன் கம்ப்யூட்டர் படத்துல அழகா சுத்தி ஒரே வளையம், என் ப்ரிண்ட்டுல ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் வெறுமை. நீ அந்த நம்பர மாத்தி மாத்திப் போட்டுப் பாத்த. ஒரு மாசம். ஒண்ணும் சேரல. உன் ப்ரொஃபசரு "ப்ரிண்ட்டோட ஒத்து வரலன்னா இந்த வருஷம் சப்மிட் பண்ண முடியாது"ன்னுட்டாரு. புனே கம்பெனிக்காரன் வேற, டிகிரி முடிச்சாத்தான் வேலைன்னு லெட்டர் அனுப்பியிருந்தான். நீ சாப்புடறத விட்டுட்ட. காலேஜுக்குப் போறேன்னு கெளம்பி ஸ்டேஷன் பெஞ்சுல குந்திக்கினு இருந்தியாம், டிரெயின் மேல டிரெயினா வுட்டுக்கினு, டீக்கடக்காரரு வந்து எங்கிட்ட சொன்னாரு. அந்த நாப்பது நாளு மூஞ்சி திரும்பியும் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். "அந்த மூணு வால்வுலயும் லேப்பிங் சரியில்ல நைனா, அதான் அப்டி. வேற மூணு எடுத்துக்கினு வரேன்"னு சொன்னேன். எவ்ளோ ஈசியா சொல்லிட்டேன் பாரு. பாஷா பாய் வேலையக் கொற சொன்னேன், அந்த மனுஷன் தேய்ச்ச வால்வு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல.

அடுத்த சனிக்கெழம, மொத ஷிஃப்ட்டு முடிஞ்சு ஆளுங்க கை கழுவப் போன நேரம். நீ கலர்ல ப்ரிண்ட் எடுத்து வெச்சிருந்த கம்ப்யூட்டர் படத்த சாப்பாட்டுப் பையில மடிச்சு வெச்சுக்கினு போயிருந்தேன். ஒரு வெட்ஜ எடுத்து மேசையில வெச்சேன். சீட்டுல தடவல. வால்வுக்குள்ள எறக்கவும் இல்ல. வெட்ஜ் மேலயே வெரலால நீலத்தச் சுத்தித் தடவினேன். உன் படத்துல வளையம் எவ்ளோ அகலமோ அவ்ளோ அகலம் விட்டுட்டு, மிச்சத்தத் தீக்குச்சில துணி சுத்தித் தொடைச்சேன். அது மேல செலோடேப்ப ஒட்டி உரிச்சேன். ப்ரிண்ட்டு சோக்கா வந்துச்சு. அந்த மாதிரி ஒரு ப்ரிண்ட்ட நான் பாத்ததே இல்ல, ஏன்னா அது எதையும் தொடல. இப்டி மூணு. பாஷா பாய் கை தொடைச்சுக்கினே வந்தவரு நின்னுட்டாரு. "இன்னாக்கா இது, சீட்டே இல்லாம ப்ரிண்ட் எட்க்குற?" "சும்மா, பையனுக்கு மாடல் காட்டறதுக்கு பாய்." அவரு கொஞ்ச நேரம் என் கையையே பாத்துட்டுப் போயிட்டாரு. நான் மூணு பேப்பர்லயும் வால்வு நம்பர் எழுதி என் கையெழுத்தப் போட்டேன். என் சர்வீஸ்லயே பொய்க்குப் போட்ட கையெழுத்து அது மூணுதான்.

ஒத்துப் போச்சுன்னு ஸ்வீட் டப்பாவோட ஓடி வந்தியே, நெனப்பு இருக்குதா? வாசல்லயே என்னத் தூக்கி ஒரு சுத்து சுத்தின. "அந்த நம்பரு கெடச்சுடுச்சு மா! ப்ரொஃபசரே ஆடிப் போயிட்டாரு!" தீசிஸ் புக்கு மொதப் பக்கத்துல நன்றின்னு போட்டு இங்கிலீஷ்ல என் பேரு. நடுவுல ஒரு பக்கத்துல அந்த மூணு ப்ரிண்ட்டு. நான் சிரிச்சேன். சந்தோஷமும் நெசந்தான், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். பரிட்சப் பேப்பர் மாதிரி மார்க்கு போட்டு எங்கயாவது மூலைல கட்டிப் போட்டுடுவாங்க, இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீ புனே போயிட்ட. போயி நாலு வருஷம் ஆச்சு. அந்த நம்பர நீ கையோட எடுத்துக்கினு போன, உன் ஆபீஸ்ல வர எல்லா வால்வு கணக்குக்கும் அதத்தான் போடறன்னு எனக்கு எப்டித் தெரியும்?

மூணு வாரத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வந்து ஒக்காந்தப்போ நீ ஃபோன் பண்ண. ரொம்பக் கோவமா இருந்த. புது வால்வு டெஸ்ட்டுல ஒழுவுதாம். "கம்ப்யூட்டர்ல சுத்தி எல்லா எடமும் நல்லா அழுத்துது மா. ஒழுவவே கூடாது. ஆனா மேல் பக்கம் ஒழுவுது. ஒர்க்‌ஷாப்புல லேப்பிங் ஆளு சரியாத் தேய்க்கல, வேற இன்னா? ரிப்போர்ட் எழுதிட்டேன், அந்த ஆளுக்கு மெமோ குடுத்திருக்காங்க." நான் மெதுவாக் கேட்டேன், உன் கணக்குல ஏதாவது இருக்கப் போவுது, பாத்தியா நைனான்னு. நீ சிரிச்ச. "அந்த நம்பரு தப்பாவே இருக்காது மா, நீ எடுத்த ப்ரிண்ட்ட வெச்சு சரி பாத்தது அது. கைவேல செய்யறவங்கள நம்ப முடியாது, எல்லாரும் உன்ன மாதிரி இருப்பாங்களா?"

நீ வெச்சப்பறமும் ஃபோன காதுலயே வெச்சுக்கினு இருந்தேன். என் பொய்யால எவனோ ஒருத்தன், பேரு தெரியாது, மொழி தெரியாது, கைல பசையோட மெமோவ வாங்கிக்கினு நிக்கறான். அவனுக்கும் ஊட்ல புள்ளைங்க இருக்கும். இத்தினி நாளு நான் ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. பதில் ஒண்ணே ஒண்ணுதான், அசிங்கமான பதிலு. நீ திரும்பியும் எங்கூடப் பேசறத நிறுத்திடுவன்னு பயம். வாரத்துக்கு ஒரு ஃபோனு, பத்து நிமிஷம். எனக்கு இருக்கறது அவ்ளோதான். அதுக்காக அந்த ஆள பலி குடுத்துட்டு மூணு வாரம் சும்மா குந்திக்கினு இருந்தேன்.

போன திங்கக்கெழம கம்பெனிக்குப் போனேன். ரிட்டயர் ஆயி ஒரு வருஷந்தான் ஆவுது, கேட்டுல புது செக்யூரிட்டி, "யாரப் பாக்கணும், இன்னா விஷயம்"னு நிக்க வெச்சுட்டான். தெனம் நான் கார்டு அடிச்ச கேட்டு. பஸ்ஸுலேர்ந்து எறங்கி உள்ள போற பொண்ணுங்க ஒருத்தியக்கூடத் தெரியல, யாரோ ஆயா யார்கிட்டயோ காசு கேட்டு வந்திருக்குதுன்னு நெனச்சு நவந்து போனாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு சூப்பர்வைசர் சார் வெளிய வந்தாரு. எல்லாத்தயும் சொன்னேன், மறைக்கல. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "நீங்களா?"ன்னு ஒரு வார்த்ததான் கேட்டாரு. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. அப்பறம் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, "உள்ள வாங்க"ன்னாரு.

பாஷா பாய் இன்னும் அங்கதான் தேய்ச்சுக்கினு இருக்காரு. என்னப் பாத்ததும், "இன்னாக்கா, மாடல் காட்ட வந்தியா?"ன்னாரு. நாலு வருஷம் ஆயிடுச்சு, மறக்கல அந்த மனுஷன். "இல்ல பாய், நெசமா எடுக்க வந்தேன்"னேன். அவரு கையத் தொடைச்சுக்கினு ரெடியா இருந்த மூணு வால்வக் கொண்டாந்து வெச்சாரு. மொதல்ல வால்வ நிமித்தி வெச்சு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சீட்டுக்கும் எடுத்தோம். அப்பால அவரே, "படுக்க வெச்சும் எடுத்துடலாம்க்கா, சைட்டுல பாதி வால்வு படுத்த வாக்குலதான் மாட்டறாங்க"ன்னாரு. ஒரு சீட்டு மேல, ஒரு சீட்டு கீழ வர மாதிரி சாய்ச்சு வெச்சதும் நானே பாத்தேன். வெட்ஜு எறங்கறதுக்கு ரெண்டு பக்கமும் காடி இருக்குது இல்ல, அதுல கொஞ்சம் ஆட்டம் விட்டுத்தான் வெச்சிருப்பாங்க, இல்லன்னா சிக்கிக்கும். அந்த ஆட்டத்துல வெட்ஜு அதும் கனத்துக்குக் கீழ்ப் பக்கமா சாஞ்சுடுது. கீழ் சீட்டுல நீலம் அப்பிக்கினு வருது. மேல் சீட்டுல பாதி வளையம் வெறுமை. ஒழுவறது மேல் பக்கம்னுதானே சொன்ன? உங்க டெஸ்ட்டுல வால்வ நிமித்தி வெக்கறாங்களா, படுக்க வெக்கறாங்களான்னு நீ போயிப் பாத்தியா? ஏசி ரூம்லேர்ந்து எறங்கி ஒரு தடவ ஷாப்புக்குப் போயிப் பாரு.

எனக்கு உன் கணக்கு தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் கேக்கறேன், தப்புன்னா தள்ளிடு. பாதி வெட்ஜு போட்டுக்கினு மத்த பாதியும் அப்டித்தான்னு வெச்சா, அது ஒரு பக்கமா சாயறது உனக்கு எப்டித் தெரியும்? ரெண்டு சீட்டையும் போடு, முழு வெட்ஜப் போடு, அந்தக் காடி ஆட்டத்தயும் போடு, வெட்ஜோட கனத்தயும் போடு. இப்போ உங்ககிட்ட பெரிய கம்ப்யூட்டர் இருக்குதுன்னு நீதான் பீத்திக்கின. அந்த ஸ்பிரிங் நம்பர இந்தப் புது ப்ரிண்ட்டோட வெச்சுப் பாரு. எனக்கு என்னமோ தோணுது, நீ வெச்சிருக்கறது லூசு நம்பரு. லூசா இருந்தா தொடாத எடத்தயும் தொட்டதாக் காட்டும்னு நீ சொன்ன இல்ல? நான் தடவினதும் அப்டித்தான், தொடாதத தொட்ட மாதிரி. என் பொய்யும் அந்த லூசு நம்பரும் ஜோடி சேந்து நாலு வருஷமா உன்ன ஏமாத்திக்கினு இருக்குதுங்க. பன்னெண்டு ப்ரிண்ட்டு இதோட வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் நிமித்தி வெச்சதா, படுக்க வெச்சதா, எந்தப் பக்கத்து சீட்டு, எல்லாம் எழுதியிருக்கேன். என் கையெழுத்துக்குப் பக்கத்துல பாஷா பாய் கையெழுத்தும் இருக்குது. என்னுது மட்டும் இருந்தா இனிமே பத்தாது, நானேதான் போடச் சொன்னேன்.

உங்கிட்டேர்ந்து நான் திருடினது இன்னான்னு இப்போதான் வெளங்குது. அந்த மொத மூணு ப்ரிண்ட்டு நல்ல ப்ரிண்ட்டு. நான் குறுக்க வராம இருந்திருந்தா, நீ இன்னும் ரெண்டு மாசம் முட்டி மோதியிருப்ப, ஒரு வருஷங்கூடப் போயிருக்கும், அந்த வேல போயிருக்கும், ஆனா ஏன் சேரலன்னு நீயே கண்டுபுடிச்சிருப்ப. உனக்கு அந்த மூளை இருந்துச்சு. எனக்குத்தான் உன் மேல நம்பிக்கை இல்லாம போச்சு. அப்பா விஷயத்துலயும் அதேதான், பதினஞ்சு வயசுப் புள்ள தாங்க மாட்டான்னு நானே முடிவு பண்ணேன். ரெண்டு தடவயும் உன்னக் காப்பாத்தறேன்னு நெனச்சு உன்னச் சின்னவனாக்கிட்டேன். மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேட்டா நீ ஒடனே "விடு மா"ன்னுடுவ. விடாத.

இன்னொரு பொய்யும் இருக்குது, அதயும் இங்கயே எறக்கி வெச்சுடறேன். ஞாயித்துக்கெழம நீ ஃபோன் பண்றப்போ பின்னாடி ஆளுங்க பேசற சத்தம் கேக்கும், நீ "யாரு மா வந்திருக்கா?"ன்னு கேப்ப. செவ்வாப்பேட்டைலேர்ந்து சித்தி வந்திருக்கா, எதிர் ஊட்டுப் புள்ளைங்க வந்து கத்திக்கினு இருக்குதுங்கன்னு சொல்லுவேன். அது டிவி நைனா. நீ கூப்புடற நேரத்துக்கு முன்னாடி நானே சத்தமா வெச்சுக்குவேன். சித்தி இந்தப் பக்கம் கடைசியா வந்து ஒரு வருஷம் ஆவுது, அவளுக்கு முட்டி வலி. எதிர் ஊட்டுக்காரங்க காலி பண்ணிக்கினு போயிட்டாங்க. தெனம் காலைல ஷிஃப்ட்டு பஸ்ஸு ஹாரன் அடிச்சா எழுந்து சேல கட்டிடறேன், அப்பால எங்க போறதுன்னு தெரியாம கட்டில்லயே குந்திக்கினு இருக்கேன். அம்மா நல்லா இருக்கா, சுத்தி ஆளுங்க இருக்காங்கன்னு நீ நெனச்சுக்கினு நிம்மதியா இருக்கணும்னு செஞ்சேன். அதுவும் நான் தடவி வெச்சதுதான்.

இப்போ நீ செய்ய வேண்டியது. இந்த லெட்டரயும் ப்ரிண்ட்டுங்களயும் எடுத்துக்கினு உன் மேனேஜர்கிட்ட போ. "டேட்டால ஒரு சின்னத் தப்பு"ன்னு மழுப்பாத, எங்கம்மா பொய் சொல்லிட்டாங்க, நான் போயிப் பாக்காம நம்பிட்டேன்னு சொல்லு. உன் வேலைக்கு ஆபத்து வருமோன்னு எனக்கு பயமாத்தான் இருக்குது, இருந்தாலும் போ. அப்பால ஷாப்புக்குள்ள போயி அந்த லேப்பிங் ஆளு பேரக் கேளு. மெமோவத் திருப்பி வாங்க வெச்சுட்டு, நாலு பேரு முன்னாடி அவருகிட்ட மன்னிப்புக் கேளு, உனக்கும் சேத்து, எனக்கும் சேத்து. அது முடியற வரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாத. இந்த ஞாயித்துக்கெழம பழக்கத்துல பண்ணிடுவ, எனக்குத் தெரியும். மணி அடிக்கும், பக்கத்துலயேதான் குந்திக்கினு இருப்பேன், நீதான்னும் தெரியும். எடுக்க மாட்டேன்.

அம்மா